ஒரே மழை, இரண்டு நிலம்: கற்பிட்டியில் 36ஆவது மாரிக்கான ஆயத்தம்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், நுரைச்சோலையைத் தாண்டிச் சற்று உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்தில் இந்த ஒக்டோபரில் இரண்டு நாட்கள் நின்றேன். அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடிய மணல் காணி. ஒரு கிணறு, ஒரு கொட்டில், நான்கு ஆடுகள். மேற்கே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. வடக்கே பார்த்தால் காற்றாலைகள். காணியைச் செய்பவர்கள் 1990இல் முசலிப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம். பெரியவருக்கு இப்போது 64 வயது. ஊரை விட்டு வந்தபோது 29.

மழை இன்னும் பிடிக்கவில்லை. பிற்பகலில் இடி மட்டும் இடித்துவிட்டுப் போகிறது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் வேலை. விதை வெங்காயம் பிடி பிடியாகக் கட்டப்பட்டுக் கொட்டிலுக்குள் பரணில் தொங்குகிறது. பெரியவரின் மனைவி ஒவ்வொரு பிடியாக இறக்கி, அழுகியதைக் கழித்து, அடுப்புப் புகை படுகிற பக்கமாக மீண்டும் கட்டுகிறார். ஒரு பிடியில் ஒரு வெங்காயம் பழுதானாலும் ஈரக்காற்று வந்தபின் அது பரணையே பிடித்துவிடும் என்கிறார். முற்றத்தில் புதிதாகப் பின்னிய கிடுகுகள் அடுக்கியிருக்கின்றன. இளைய மகன் கிணற்றுக் கட்டைச் சுற்றி மணல் மூடைகள் வைக்கிறார். மழை வெள்ளம் நேரே கிணற்றுக்குள் இறங்கக்கூடாது. தண்ணீர் இறைக்கும் மெசினைத் தூக்கி நான்கு சீமெந்துக் கற்களுக்கு மேல் வைத்தாயிற்று. மிளகாய் நாற்றுமேடைக்கு மேல் கம்பு வளைத்துப் பொலித்தீன் போட்டிருக்கிறார்கள். ஆட்டுக் கொட்டிலின் தரையை ஒரு முழம் உயர்த்த வேண்டும். அது மட்டும் பாக்கி.

பெரியவர் செய்வது வடிகால் வேலை. மணலில் எதற்கு வடிகால் என்று கேட்டேன். மணல்தானே, தண்ணீர் தானாக இறங்கிவிடுமே.

"இறங்கும் தம்பி. இறங்கி எங்க போகும்? கீழ தண்ணி ஏறி வந்து நிக்கும். நாலு நாள் அடிச்சுப் பெய்ஞ்சா கிணறும் நிலமும் ஒண்டாகிரும். வெங்காயம் நிண்ட இடத்திலயே அழுகும்."

இந்தக் குடாவின் விவசாயத்தை விளங்கிக்கொள்ள இந்தப் பதில் போதும். கற்பிட்டியில் ஆறு இல்லை, குளம் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவில் இருக்கும் மணலுக்குள் மழைநீர் இறங்கி, அடியில் உள்ள உப்புநீருக்கு மேலே ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. சில அடி தோண்டினால் தண்ணீர். அதிகம் இறைத்தால் உப்பு மேலேறும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழைதான் அடுத்த ஒன்பது மாதங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர். ஆகவே இங்குள்ள தோட்டக்காரர் மழைக்குப் பயப்படவும் வேண்டும், மழையை வேண்டவும் வேண்டும். வெங்காயத்துக்கு மழை கூடாது, கிணற்றுக்கு மழை வேண்டும். வடிகாலின் ஆழத்தை ஒரு சாண் கூட்டுவதா குறைப்பதா என்று பெரியவரும் மகனும் காலை முழுக்க வாக்குவாதப்பட்டதன் காரணம் அதுதான்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இது புதிதாக இருக்காது. வலிகாமத்தின் சுண்ணக்கல்லுக்கு அடியிலும் இதே கதைதான். மண்தான் வேறு.

மணலில் இருந்து வரும் இன்னொரு சிக்கல் பசளை. மணல் தண்ணீரை வைத்திருக்காதது போலவே பசளையையும் வைத்திருக்காது. போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் முதல் பெருமழையோடு நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிக்கொண்டு போகிறது என்று 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இங்கே அதைத் தாண்டிய கிணறுகள் பல. கைக்குழந்தைகளுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். இந்த வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்கள். தோட்டத்து நடுவில் நல்ல கிணறு இருக்கிறது, குடிதண்ணீருக்குச் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

பசளையைக் குறைத்தால் என்ன என்று கேட்பது சுலபம். 2021இல் அதை ஒரே இரவில் செய்து பார்த்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் கோட்டாபய ராஜபக்ஷ அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்து, மே மாதம் வர்த்தமானி வெளியிட்டது. நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. நெற்செய்கைக்கு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மணல் தோட்டங்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. சேற்று மண்ணில் முந்தைய போகத்தின் சத்துக் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும், இங்கே எதுவும் மிஞ்சாது. அந்த மாரியில் தாயின் இரண்டு காப்பும் அடகுக்குப் போயின. ஒன்று இன்னும் திரும்பவில்லை. இப்போது கோழி எருவைக் கூட்டி யூரியாவைப் பாதியாக்கியிருக்கிறார்கள். அரசு சொல்லி அல்ல, விலை தாங்காமல். எருவும் கிணற்றுக்குத்தான் இறங்குகிறது என்று இளைய மகன் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான்.

அனல் மின் நிலையத்தைப் பற்றி இங்கே யாரும் கேட்காமலேயே பேசுவார்கள். முதல் அலகு 2011இலும் மூன்றாவது 2014இலுமாக, மொத்தம் 900 மெகாவாட். நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கு இந்த மணலிலிருந்து போகிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நிலக்கரித் தூசும் சாம்பலும் தோட்டங்கள் மேல் படிகின்றன என்பது இங்குள்ள விவசாயிகளின் நீண்டகால முறைப்பாடு. ஒக்டோபரில் காற்று திரும்பிவிடும். தூசு கடல்பக்கம் போகும். பொலித்தீனுக்கு மேல் கறுப்புப் படியாமல் நாற்று வளர்க்க ஏற்ற காலம் இது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேற்குக் கடல் அமைதியாக இருக்கும் இந்த மாதங்களில்தான் மின் நிலையமும் கப்பல்களிலிருந்து நிலக்கரியை இறக்கி, கொந்தளிப்பான மாதங்களுக்காகக் குவித்து வைக்கிறது. வெங்காயம் பரணில் ஏறுகிற அதே வாரங்களில் அவர்களும் தங்கள் பரணை நிரப்பத் தொடங்குகிறார்கள்.

இதுவரை சொன்னது கற்பிட்டியின் எந்தச் சிறு தோட்டத்துக்கும் பொருந்தும். இந்தக் குடும்பத்துக்கு மேலதிகமாக ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

மூத்த மகன் இங்கே இல்லை. அவர் முசலியில். 2009க்குப் பிறகு மீள்குடியேற்றத்துக்குப் பதிந்து, காடாகிக் கிடந்த வயலில் இரண்டு ஏக்கரைத் துப்புரவாக்கி, பெரும்போகம் செய்கிறார். அங்கும் இப்போது ஒக்டோபர். வரம்பு கட்ட வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், உழவு இயந்திரத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும், முதல் மழைக்கு முன் புழுதியில் விதைத்துவிட வேண்டும். விதைத்தபின் இரவுக் காவல், வில்பத்துப் பக்கமிருந்து யானை வரும். இரண்டு நிலத்துக்கும் மழை ஒன்றுதான். இரண்டுக்குமான ஆயத்தம் ஒரே மூன்று வாரத்துக்குள் வருகிறது. இளைய மகன் எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் ஒவ்வோர் ஒக்டோபரிலும் இந்த வீட்டில் நடக்கும் பெரிய பேச்சு.

1990இலும் இதே மாதம்தான். ஒக்டோபரின் இரண்டாம் பாதியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசம். மன்னாரில் சில நாட்கள் கொடுக்கப்பட்டன. பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். இந்தக் குடும்பமும் அப்படித்தான். பெரியவர் அந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார்: வயல் விதைத்திருந்தது. முளை வந்து நான்கு விரல் உயரம். அந்த வருடம் நல்ல மழை என்று பின்னால் கேள்விப்பட்டாராம். யார் அறுத்தார்கள் என்று தெரியாது.

வந்த முதல் மாரி ஓலைக் கொட்டிலில். பிறகு பல ஆண்டுகள் உள்ளூர்க்காரரின் வெங்காயத் தோட்டங்களில் கூலி. அகதிகள் குறைந்த கூலிக்கு வந்ததால் உள்ளூர்க் கூலிக்காரருக்கு வேலை போனது, பாடசாலையிலும் அரச வேலையிலும் பங்கு கேட்டார்கள் என்ற மனக்கசப்பு புத்தளத்தில் இருந்தது. இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. இருவரும் முஸ்லிம்கள்தானே என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. முதலில் குத்தகைக் காணி, பின்னர் அதிலேயே ஒரு துண்டை வாங்கியது. உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தில் சிலருக்கு வீடு கிடைத்தது. பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள், இங்கே படித்தார்கள். 35 மாரிகள் போய்விட்டன.

"நீங்கள் திரும்பிப் போவீர்களா, இங்கேயே இருப்பீர்களா?" என்பதுதான் ஊடகவியலாளர்களும் ஆய்வாளர்களும் இவர்களிடம் கேட்கும் கேள்வி. நானும் முன்பு கேட்டிருக்கிறேன். இந்தத் தோட்டத்தில் இரண்டு நாள் நின்ற பிறகு அது பிழையான கேள்வி என்று தோன்றுகிறது. இந்தக் குடும்பம் திரும்பியும் போயிருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. முசலி நெல் சாப்பாட்டுக்கு, கற்பிட்டி வெங்காயம் காசுக்கு. நெல் பிழைத்த வருடத்தில் வெங்காயம் தாங்குகிறது, வெங்காய விலை விழுந்த வருடத்தில் நெல். 35 ஆண்டு அகதி வாழ்க்கையிலிருந்து அவர்கள் உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு இது. ஆனால் நாட்டின் எந்தப் படிவத்திலும் இதற்கு இடமில்லை. எல்லாப் படிவமும் ஒரே ஒரு முகவரிதான் கேட்கின்றன.

அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

நெற்செய்கைக்கு அரசு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா பசளைக் கொடுப்பனவு தருகிறது, அதிகபட்சம் இரண்டு ஹெக்டேயருக்கு. அதைப் பெறக் கமநல சேவை நிலையத்தில் பதிவு வேண்டும், வயலின் உரிமை காட்ட வேண்டும். முசலி வயல் பெரியவரின் பெயரில், பெரியவரின் பதிவு புத்தளத்தில். மகனின் பதிவு முசலியில், அவர் பெயரில் வயல் இல்லை. இரண்டு பெரும்போகம் இதற்காக அலைந்து, மூன்றாவதில் விட்டுவிட்டார்கள்.

வாக்கு இன்னொன்று. இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் பழைய ஊரில் வாக்காளராகப் பதிய 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் குறித்த காலத்துக்கு இடம் கொடுத்தது. அப்படிப் பதிந்தவர்கள் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தல் அன்று அதிகாலை அப்படிப் போன பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதற்குப் பிறகு இந்தத் தாய் புத்தளத்திலேயே பதிந்துகொண்டார். பதிவை மாற்றியதும் முசலியில் இவர்கள் 'நிரந்தரமாகப் போய்விட்டவர்கள்' ஆனார்கள்.

காணிதான் எல்லாவற்றிலும் பெரியது. ஒருவர் பத்தாண்டு தடையின்றி ஆண்ட காணி அவருக்கே உரியது என்பது நம் நாட்டின் பழைய சட்டம். போரால் தங்கள் காணிக்குப் போக முடியாதவர்கள் அதனால் உரிமையை இழக்கக்கூடாது என்று 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. கற்பிட்டி மணலில் அந்தச் சட்டம் வந்ததும் தெரியாது, அவகாசம் முடிந்ததும் தெரியாது. அதற்கு முன்பே 2012இல் மரிச்சுக்கட்டி, கரடிக்குளி சார்ந்த நிலங்கள் வர்த்தமானியில் வன ஒதுக்கங்களாகிவிட்டன. 2017 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மொஸ்கோவிலிருந்தபடி மாவில்லு வன ஒதுக்கத்துக்கான பிரகடனத்தில் கையெழுத்திட்டார். 40,000 ஹெக்டேயர். ஆட்கள் இல்லாத இருபது ஆண்டில் வயலில் மரம் வளர்ந்தது உண்மை. வளர்ந்த காட்டைக் காக்க வேண்டும் என்ற சூழலியலாளரின் வாதத்தைப் பொய் என்று தள்ள முடியாது. கல்லாறு வனப்பகுதியில் காடழித்தது தொடர்பாக 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீனைத் தன் செலவில் மீண்டும் மரம் நடும்படி உத்தரவிட்டதும் இதில் சேர்கிறது. ஆனால் எல்லைக் கோட்டை வரைந்தவர்கள் அந்தக் காட்டுக்குள் பழைய கிணறுகளும் வயல் வரம்புகளும் பள்ளிவாசல் சுவர்களும் எங்கே இருக்கின்றன என்று நடந்து பார்த்தா வரைந்தார்கள்? பெரியவரின் வயலுக்கும் வன எல்லைக் கல்லுக்கும் இடையில் இப்போது ஒரு வாய்க்கால் அகலம்தான் இருக்கிறதாம். அவரது தமையனின் வயல் கல்லுக்கு அந்தப் பக்கம்.

2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரசுக்குப் போகும் என்ற அறிவித்தல். உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்குப் பின் அரசு அதைக் கைவிட்டது. புலம்பெயர்ந்தவர்களும் இந்தியாவில் முகாம்களில் இருப்பவர்களும் மூன்று மாதத்தில் எப்படி வருவார்கள் என்று அப்போது எழுதினோம், நியாயமாக எழுதினோம். 'இங்கே இல்லாதவர்' பட்டியலில் புத்தளத்தில் இருப்பவர்களை எத்தனை பேர் சேர்த்து எழுதினோம் என்று நான் என்னையே கேட்டுப் பார்த்தேன். நான் எழுதிய இரண்டு கட்டுரைகளிலும் அவர்கள் இல்லை.

இரண்டு இடத்தில் வாழும் மக்களுக்கு அரசிடம் ஏற்பாடே இல்லை என்று சொல்ல வந்தால் அதுவும் சரியில்லை. இதே புத்தளம் கரையில் அதற்கு உதாரணம் இருக்கிறது. நீர்கொழும்பு முதல் கற்பிட்டி வரையுள்ள கரையோரத்தின் மீனவர்களில் ஒரு பகுதியினர் தென்மேற்குப் பருவத்தில் தங்கள் கடல் கொந்தளிக்கும்போது முல்லைத்தீவின் கொக்கிளாய், நாயாறு பக்கம் போய் வாடி போடுகிறார்கள். ஒக்டோபரில் மேற்குக் கடல் அடங்கியதும் திரும்பி வருகிறார்கள். நான் போன நாட்களில் கற்பிட்டிப் பக்கம் வள்ளங்கள் லொறிகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. இவர்களுக்கு 'இடம்பெயர் மீனவர்' என்று தனிப் பெயர் உண்டு, கடற்றொழில் திணைக்களத்தின் பருவகால அனுமதி உண்டு. வீடு ஓரிடத்தில், தொழில் இன்னோரிடத்தில் என்பதை அரசு அங்கீகரித்து எழுதிவைத்திருக்கிறது. அந்த அனுமதி எப்படி நடைமுறையாகிறது என்பது முல்லைத்தீவு மீனவருக்குத் தெரியும். அனுமதித்த தொகைக்கு மேல் வருகிறார்கள் என்று அவர்கள் ஆண்டுதோறும் முறையிடுகிறார்கள். 2018 ஓகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் எரிக்கப்பட்டன. அந்த ஏற்பாட்டை நல்ல உதாரணமாக நான் காட்டவில்லை. விரும்பினால் அரசுக்கு இரண்டு முகவரி எழுதத் தெரியும் என்பதற்குச் சாட்சியாகத்தான் காட்டுகிறேன்.

நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "அவர்களுக்குப் புத்தளத்திலும் வீடு, மன்னாரிலும் வீடு, இரண்டு பக்கமும் சலுகை" என்பது அது. மன்னாரில் தேநீர்க் கடைகளில் கேட்டிருக்கிறேன், படித்தவர்களின் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். அப்படி இரண்டு பக்கமும் பயன் பெற்றவர்கள் இருக்கலாம். அரசியல் செல்வாக்கு உள்ள இடத்தில் அது நடக்கும், தமிழர்களிடையேயும் நடந்திருக்கிறது. ஆனால் 1990 ஜூன் 15இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மருதனார்மடத்திலோ மல்லாகத்திலோ முகாமில் இருந்து, பிறகு வாடகை வீடு, பிறகு ஒரு பரப்புக் காணி. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுபட்டபோது அந்தப் பிள்ளைகள் வளர்ந்து மல்லாகத்துக்காரர் ஆகிவிட்டார்கள். மயிலிட்டியில் வேலி அடைத்ததால் மல்லாகத்து வீட்டை விட்டுவிட வேண்டும் என்று அவர்களிடம் யாராவது சொல்வோமா? அதே ஆண்டு, நான்கு மாத இடைவெளி. ஒன்றைச் செய்தது அரச படை, மற்றதைச் செய்தது எங்கள் பெயரில் போராடியவர்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சி ஊடகவியலாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் அது ஓர் அரசியல் தவறு என்ற கருத்தில் பேசினார். அதற்குப் பின் 23 ஆண்டுகளில் நாங்கள் அந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒவ்வோர் ஒக்டோபரிலும் நினைவுகூரல் கூட்டங்கள் நடக்கின்றன, அறிக்கைகள் வருகின்றன. வடக்கின் உள்ளூராட்சி மன்றங்களில் தமிழ்க் கட்சிகள் எத்தனை ஆண்டுகள் ஆட்சியில் இருந்தன? அங்கே ஒரு வீதி விளக்கு, ஒரு பாலம், ஒரு குளத் திருத்தம் என்று வரும்போது 'நிரந்தரமாக இருப்பவர்கள்' கணக்கைத்தான் கேட்கிறார்கள். நிரந்தரமாக இருக்கக் குளம் திருத்த வேண்டும். குளம் திருத்த நிரந்தரமாக இருக்க வேண்டும்.

எனக்கு மாரி ஆயத்தம் என்றால் வன்னியில் எங்கள் வீட்டு வேலி அடைப்பதும், அம்மா விறகைக் குசினிக்குள் ஏற்றுவதும்தான். 2009 ஓகஸ்டில் மெனிக்பாமில் பெய்த மழையில் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்தபோது அப்பா ஒரு சாப்பாட்டுத் தட்டால் சுற்றிவரக் கிடங்கு வெட்டினார். மண்வெட்டி வைத்திருக்க அனுமதி இல்லை. பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் வடிகால் வெட்டுவதை நிறுத்திவிட்டு, "எந்தப் பக்கம் சரிவு விட்டாரு?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய ஆணைக்குழு எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம். 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவும் சொன்னது, அதே ஆண்டு வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவும் விரிவாக எழுதியது. அலுமாரிகளில் இருக்கின்றன. கமநல சேவைப் பதிவில் வயல் செய்பவரின் பெயரும் உரிமையாளரின் பெயரும் வேறு மாவட்டங்களில் இருக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். மீள்குடியேற்றக் கணக்கில் 'தங்கியிருக்கிறாரா' என்பதோடு 'பயிர் செய்கிறாரா' என்ற கேள்வியும் சேரட்டும். வன எல்லை அளக்கும்போது பழைய உத்தரவுப் பத்திரம் வைத்திருப்பவரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். கற்பிட்டியில் குத்தகைக்குச் செய்பவரும் விவசாயிதான் என்று பதியட்டும். வெங்காயத்துக்கான விசேட இறக்குமதி வரியை வர்த்தமானியால் ஏற்றி இறக்குகிறார்கள். அறுவடைக்கு இரண்டு வாரம் முன் இறக்கினால் என்ன நடக்கும் என்று இங்குள்ள எந்தச் சிறுபிள்ளையும் சொல்லும். இவற்றில் எதற்கும் வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை.

போக்குவரத்தையும் சொல்ல வேண்டும். புத்தளத்திலிருந்து எழுவன்குளம் வழியாக மன்னாருக்குப் போகும் பழைய பாதை வில்பத்துப் பூங்காவுக்குள் போகிறது. அதைத் திறப்பதற்கு எதிராகச் சூழலியல் அமைப்புகள் 2010இல் நீதிமன்றம் சென்றன. வழக்கை விட்டாலும், மாரியில் கலா ஓயா பெருகினால் எழுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடும். ஆகவே விதைக்கிற காலத்தில், ஆள் அதிகம் தேவைப்படும் வாரங்களில், அநுராதபுரம் போய் மதவாச்சி சுற்றித்தான் முசலிக்குப் போகவேண்டும். ஒரு நாள் அதிலேயே போய்விடும்.

இரண்டாம் நாள் மாலை மூத்த மகன் தொலைபேசியில் அழைத்தார். அங்கே இருட்டிக்கொண்டு வருகிறதாம். உழவு இயந்திரம் நாளை மறுநாள் வரும் என்று சொல்லிவிட்டார்களாம், தம்பியை உடனே அனுப்பச் சொன்னார். இங்கே மிளகாய் நாற்று இன்னும் பிடுங்கவில்லை, ஆட்டுக் கொட்டிலும் பாக்கி. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தார். அவர் மூத்த மகனிடம், பேரப்பிள்ளைக்கு இருமல் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இளையவர் அதிகாலை நாலரைக்குப் பாலாவிக்குப் புறப்பட்டார். ஒரு பையில் உடுப்பு, ஒரு சாக்கில் ஐந்தாறு பிடி வெங்காயம். நான் அதே பஸ்ஸில் வருவதாக இருந்தேன். ஆனால் கொட்டில் தரைக்கு மணல் சுமக்க ஆள் இல்லை என்பது தெரிந்ததால் மத்தியானம் வரை நின்றேன். பத்து மணிக்குத் தூறத் தொடங்கியது. பெரியவர் தறப்பாளின் ஒரு முனையை என்னிடம் தந்து, காற்று வடக்கே இருந்து வரும், அந்தப் பக்கத்தை முதலில் கட்டுங்கள் என்றார்.